அண்ணனை விடப் பெரிய தங்கச்சி

கேள்வி:
வணக்கம் மேடம். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ட்ராயிங் டீச்சர். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு கொரியன் ஃபேமிலி இருக்காங்க, கார் கம்பெனி வேலைக்கு வந்தவங்க. அவங்க வீட்டுப் பாட்டி (நாங்களும் ஹல்மொனின்னுதான் கூப்பிடுறோம்) வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ரெண்டு மாசம் இருப்பாங்க. 1950 டிசம்பர்ல, கொரியப் போர் நடக்கும்போது, ஆறு வயசுல, வட கொரியாவுல ஹுங்நாம்லேர்ந்து அம்மாவோட கப்பல் ஏறி தெற்க வந்தவங்க. 14 வயசு அண்ணன் தாத்தாவைப் பார்த்துக்கறதுக்கு அங்கயே தங்கிட்டாராம், மூணு நாள்ல திரும்பிருவோம்னு சொல்லிட்டுக் கிளம்பினது, ரெண்டு கொரியாவுக்கும் நடுவுல எல்லையை மூடிட்டதால அப்புறம் பார்க்கவே இல்ல. இதை 6-லேர்ந்து 8 வயசுப் பிள்ளைங்களுக்கு தமிழ்ல படப் புத்தகமா பண்ணியிருக்கேன், டம்மி (மாதிரிப் புத்தகம்) இணைச்சிருக்கேன். கடைசிப் பக்கத்துல எல்லை கேட் திறக்குது, அண்ணன் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிறார். ஒரு பதிப்பாளர் "கொரியா எல்லாம் யார் வாங்குவா, நம்ம ஊர்க் கதையா மாத்துங்க"ன்னார். என் ஏழு வயசுப் பையன் படிச்சுட்டு "போன் பண்ண வேண்டியதுதானே"ன்னு கேட்டான், எனக்கு பதில் வரல. அன்னிக்கு ராத்திரி "அப்பாவும் மஸ்கட்லேர்ந்து வராமப் போயிடுவாரா"ன்னு அழுதான். இந்த முடிவு சரிதானா? இவ்ளோ சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தக் கதை வேணுமா?

பதில்:
அன்புள்ள டீச்சர்,

உங்க டம்மியை மூணு தடவை படிச்சேன். கதையில வராத ஒரு வரியில போய் நின்னுட்டேன். 22-ம் பக்கத்து ஓரத்துல பென்சில்ல சின்னதா எழுதி வெச்சிருக்கீங்க, "ஹல்மொனி கனவுல அண்ணன் இன்னும் 14 வயசுப் பையனாத்தான் வர்றாராம், இவங்க 81 வயசுக் கிழவியா எதிர்ல நிக்கிறாங்களாம், அவர் அடையாளம் தெரியாம 'யாரு பாட்டி நீங்க'ன்னு கேக்குறாராம்". டீச்சர், உங்க புத்தகம் இதுதான், மத்த பக்கமெல்லாம் இதுக்கு வழி விட்டு நிக்கணும். தங்கச்சி அண்ணனை விடப் பெரியவளாயிட்டா. ஒரு ஆறு வயசுப் பிள்ளைகிட்ட இதை மட்டும் சொல்லிப் பாருங்க, புருவத்தைச் சுருக்கி "அது எப்படி?"ன்னு கேக்கும். எல்லைன்னா என்ன, போர்னா என்னன்னு எவ்ளோ விளக்கினாலும் வராத கேள்வி அது, தானா வரும்.

இப்ப அந்த கேட். அதைத் திறக்காதீங்க. சோகமா முடிஞ்சாத்தான் நல்ல இலக்கியம்னு நினைக்கிற ஆள் நான் இல்ல, இருபது வருஷமா பிள்ளைங்க புத்தகத்துக்கு எடிட்டரா இருக்கேன், சிரிச்சுக்கிட்டு மூடுற புத்தகம்தான் எனக்கும் பிடிக்கும். ஆனா இது நடந்த கதை, அந்த கேட் திறக்கல, அந்தப் பாட்டி உங்க மாடியிலயே இருக்காங்க. இந்தப் புத்தகத்தைப் படிச்ச பிள்ளை ஒரு நாள் லிஃப்ட்ல அவங்களைப் பார்த்து "உங்க அண்ணன் எங்க?"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க? பிள்ளை உங்க புத்தகத்தை நம்பித்தானே கேக்குது. இன்னொண்ணு, உங்க முடிவுல ஓடி வர்ற அண்ணன் 14 வயசுப் பையனாவே இருக்கார். வரையும்போது உங்க கையே அவருக்கு வயசாக விடல பாருங்க.

இப்படி வடக்கு, தெற்குன்னு பிரிஞ்ச குடும்பங்கள்ல உண்மையிலயே சந்திச்சவங்க கதை வேற மாதிரி. 1985-ல ஒரு தடவை கொஞ்சம் பேருக்கு வாய்ப்புக் கிடைச்சது. 2000-லேர்ந்து 2018 ஆகஸ்ட் வரைக்கும் 21 தடவை ரெண்டு அரசாங்கமும் பேசி நேர்ல சந்திக்க ஏற்பாடு பண்ணாங்க, பிற்பாடு நடந்ததெல்லாம் வடக்குல கும்காங் மலையில. தெற்குல மட்டும் 1,30,000 பேருக்கு மேல பேர் குடுத்துட்டுக் காத்துக்கிட்டிருந்தாங்க, ஒரு தடவைக்கு ஒரு பக்கத்துலேர்ந்து சுமாரா 100 பேர், கம்ப்யூட்டர்ல குலுக்கல் போட்டு எடுப்பாங்க. மூணு நாள், அதுல சேர்ந்து உட்கார்ந்திருக்கிற நேரம் எல்லாம் கூட்டினா 11, 12 மணி நேரம், அவ்ளோதான், அதுக்கப்புறம் லெட்டர் கிடையாது போன் கிடையாது. 2018-ல ஒரு 92 வயசு அம்மா, நாலு வயசுல கூட்டத்துல தவறவிட்ட மகனைப் பார்த்தாங்க, மகனுக்கு அப்போ 71. கடைசி நாள் பஸ் கிளம்பும்போது உள்ள இருக்கிறவங்க கண்ணாடியில உள்ளங்கையை வெப்பாங்க, வெளியில நிக்கிறவங்க அதே இடத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து வெப்பாங்க. 2018-க்கு அப்புறம் ஒரு சந்திப்பும் நடக்கல, பேர் குடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க இப்ப உயிரோட இல்ல. உங்க ஹல்மொனி ஒவ்வொரு தடவையும் எழுதிப் போட்டும் பேர் வரலைன்னு சொல்லியிருக்கீங்க, அப்ப அவங்க கதையில பஸ்ஸும் கண்ணாடியும்கூட வராது. அழகா இருக்குன்னு அடுத்தவங்க பிரிவை எடுத்து இவங்களுக்கு ஒட்ட வைக்கக் கூடாது.

பின்ன எங்க முடிக்கிறது? அவங்க மருமகள்கிட்ட ஒண்ணு கேளுங்க. தெற்குல இந்த மாதிரிப் பெரியவங்களை வீட்டுல உட்கார வெச்சு வீடியோ கடிதம் எடுத்து வெச்சிருக்காங்க, என்னைக்காவது வழி திறந்தா அந்தப் பக்கம் குடுக்கலாம்னு, ஆயிரக்கணக்குல எடுத்து வெச்சது அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. டி.என்.ஏ. சாம்பிளும் எடுத்து வெக்கிறாங்க, இவங்க போயிட்டாலும் பேரப்பிள்ளைங்களாவது ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கட்டும்னு. உங்க ஹல்மொனி அப்படி ஒரு வீடியோ எடுத்திருந்தா (அந்த வயசுக்காரங்க நிறைய பேர் எடுத்திருக்காங்க) கடைசி விரிபக்கம் (புத்தகத்தை விரிச்சா எதிரெதிரா தெரியுற ரெண்டு பக்கம்) அதுதான். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கேமரா முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. யாருக்குப் பேசுறது, 14 வயசுப் பையனுக்கா, 90-ஐ நெருங்குற கிழவருக்கா? சிவப்பு லைட் எரியுது, வாயைத் திறக்குறாங்க, "ஒப்பா". அந்த ஒரு வார்த்தையோட நிறுத்துங்க. எடுக்கலைன்னா அதை வரையாதீங்க, எடுக்காம இருந்ததுக்கு அவங்க சொல்ற காரணத்தைக் கேளுங்க, அதுல வேற ஒரு பக்கம் கிடைக்கும்.

அந்த "ஒப்பா"வை (பொண்ணு தன் அண்ணனைக் கூப்பிடுற கொரியன் வார்த்தை) தமிழ்ப்படுத்திராதீங்க. டம்மியில எல்லா இடத்துலயும் "அண்ணா"ன்னு போட்டிருக்கீங்க. கொரியன் சீரியல் பார்க்குற அக்கா இருக்கிற வீட்டுல எல்லாம் பிள்ளைங்களுக்கு ஒப்பான்னா என்னன்னு ஏற்கனவே தெரியும், தெரியாத வீட்டுல முதல் பக்கத்துல ஒரு தடவை சொன்னாப் போதும். அப்பாவுக்கு அவங்களும் அப்பான்னுதான் சொல்றாங்க, அம்மாவுக்கு ஒம்மா. உங்க பையன் அதைப் படிக்கும்போது துள்ளிக் குதிப்பான் பாருங்க. பதிப்பாளர் சொன்னதுக்கு என் பதிலும் இதுலயே இருக்கு. நம்ம ஊர்க் கதையா மாத்துறதுன்னா எதை மாத்துவீங்க? கடல் தாண்டிப் பிரிஞ்ச குடும்பம் நம்ம பக்கமும் எத்தனையோ இருக்கு, அந்தக் கதையை அதை வாழ்ந்தவங்ககிட்ட கேட்டு அதுக்குன்னு ஒரு புத்தகம் பண்ணணும். ஹல்மொனியோட துக்கத்துக்கு ஒரு சேலையைக் கட்டிவிட்டு ராமேஸ்வரத்துல நிக்க வெச்சா ரெண்டு பேருக்குமே செய்யுற தப்பு அது. கொரியாக்காரங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல வளர்ற பிள்ளைங்க இப்ப ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எவ்ளோ பேர் இருக்காங்க, அவங்க வாங்குவாங்க. இல்ல, வாங்காட்டியும் இந்தக் கதை கொரியாவுலதான் இருக்கணும்.

படங்களுக்கு வர்றேன், இங்கதான் எனக்கு ரொம்ப சொல்ல இருக்கு.

வடக்கு வர்ற பக்கமெல்லாம் சாம்பல் கலர்ல தீட்டியிருக்கீங்க, தெற்கு வந்ததும் மஞ்சளும் பச்சையுமா மாறுது. ஏன்னு புரியுது, ஆனா வடக்குதான் இந்தப் பொண்ணோட வீடு டீச்சர். அவங்க ஓடிப் பிடிச்சு விளையாடின வாசல், ஒப்பா தோள்ல தூக்கிட்டுப் போன ரோடு எல்லாம் அங்கதான் இருக்கு. ஞாபகத்துல இருக்கிற சொந்த ஊர் யாருக்கு சாம்பலா இருக்கும்? ஹுங்நாம் இருக்கிற ஹம்கியாங் பக்கம் பொல்லாக் மீனுக்குப் பேர் போன கடற்கரை, குளிர்காலத்துல வரிசையாக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பாங்க, நம்ம கருவாடு மாதிரியேதான். வாசல்ல மீன் தொங்குது, கீழ பனி, ஒரு பையன் தங்கச்சிக்கு ஒரு துண்டு பிச்சுக் குடுக்குறான், இப்படி ஒரு பக்கம் வேணும். பிள்ளை அந்த வீட்டுக்குள்ள ஒரு பத்து நிமிஷமாவது வாழ்ந்தாத்தான் அது போச்சுன்னு சொல்லும்போது ஏதாவது போகும். உங்க டம்மியில ரெண்டாவது விரிபக்கத்துலயே கப்பல் வந்துருது, ரொம்ப சீக்கிரம். 32 பக்கத்துல தலைப்பு, உரிமைப் பக்கம் எல்லாம் போக 13, 14 விரிபக்கம் கிடைக்கும், அதுல நாலு வீட்டுக்குக் குடுங்க.

கப்பல் பக்கத்துல "மெரிடித் விக்டரி"ன்னு பேர் போட்டிருக்கீங்க. அது பிரபலமான கப்பல்தான், 12 பயணிகளுக்கு மட்டும் இடம் இருந்த சரக்குக் கப்பல்ல சுமார் 14,000 பேரை ஏத்திக்கிட்டு கிறிஸ்துமஸ் அன்னிக்கு தெற்குல இருக்கிற கொஜே தீவுக்குப் போய்ச் சேர்ந்தது, வழியில அஞ்சு குழந்தைங்க பிறந்தாங்க. ஆனா அந்த டிசம்பர்ல ஹுங்நாம்லேர்ந்து சுமார் ஒரு லட்சம் ஜனங்க நிறைய கப்பல்ல வந்தாங்க, ஹல்மொனி எதுல வந்தாங்கன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்லைன்னா கப்பலுக்குப் பேரே வேணாம். ஆறு வயசுப் பொண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும், முன்னாடி நிக்கிறவங்க முதுகுதான் தெரிஞ்சிருக்கும். முதுகா வரைங்க, பக்கம் முழுக்க முதுகு, ஒரு மூலையில அவங்க முகம்.

அந்த எல்லைச் சுவர். முள்ளு வெச்ச பெரிய கருங்கல் சுவரா வரைஞ்சிருக்கீங்க, அதோட நேர்க்கோடா. ரெண்டும் அப்படி இல்ல. ஆரம்பத்துல நேர்க்கோடா இருந்தது உண்மை, 1945 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி அமெரிக்க ராணுவ அதிகாரிங்க ரெண்டு பேர் ஒரு மேப்பை வெச்சுக்கிட்டு அரை மணி நேரத்துல 38-வது அட்சக்கோட்டைக் காட்டினாங்க, அதுதான் முதல் கோடு. சண்டை நின்னு 1953 ஜூலை 27 போர் நிறுத்த ஒப்பந்தத்துல வந்த கோடு வளைஞ்சு சாய்வாப் போகும், சுமார் 248 கிலோமீட்டர். அதுனால போருக்கு முன்னாடி தெற்குல இருந்த கேசாங் இப்ப வடக்குல, வடக்குல இருந்த சொக்சோ இப்ப தெற்குல. ஊர் இருந்த இடத்துலயே இருக்கு, கோடு நகர்ந்து போச்சு! அந்தக் கோட்டு மேல இருக்கிறது தூரத்துக்கு ஒண்ணா நட்ட துருப்பிடிச்ச சின்ன போர்டுங்க. கம்பி வேலி எல்லாம் ஒப்பந்தப்படி அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் சுமாரா ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. சுவரை வரைஞ்சா பிள்ளை உடனே "ஏணி போட்டு ஏறிடலாமே"ன்னு யோசிக்கும். நாலு கிலோமீட்டர் புல்லும் மரமும் சும்மா கிடக்கு, யாரும் நடக்கக் கூடாதுன்னா எதுல ஏறுறது? அந்த வெறும் புல்வெளியை ஒரு முழு விரிபக்கத்துக்கு வரைங்க, ஆள் இல்லாம, எழுத்து இல்லாம. புத்தகத்தோட நடு மடிப்பு அதுக்குள்ள ஓடட்டும், அந்த மடிப்புதான் கோடுன்னு நீங்க சொல்லவே வேணாம், ஏதாவது ஒரு பிள்ளை விரலை வெச்சுக் கண்டுபிடிக்கும்.

கொக்கு பறந்து போற பக்கத்தை எடுத்துருங்க. மனுஷன் போக முடியாத இடத்துக்குப் பறவை போகுதுன்னு எல்லாரும் வரைஞ்சாச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நிலா தெரியுதுங்கறதும் அப்படித்தான். அதுக்குப் பதிலா சொக்சோவுல அபாய் கிராமம் இருக்கு. ஹம்கியாங்லேர்ந்து வந்த அகதிங்க கோட்டுக்கு எவ்ளோ பக்கமா இருக்க முடியுமோ அவ்ளோ பக்கமா, வழி திறந்ததும் முதல் ஆளா வீட்டுக்குப் போயிரணும்னு கடற்கரை மணல்லயே குடிசை போட்டுக்கிட்ட இடம். அபாய்னா அவங்க பேச்சுல தாத்தா. அங்க ஊருக்குள்ள போக ஒரு தட்டையான படகு இருக்கு, மோட்டார் கிடையாது, தண்ணிக்குக் குறுக்கக் கட்டின இரும்புக் கயிறை கொக்கி மாட்டி கையால இழுத்து இழுத்துப் போகணும், ஏறின ஜனங்களும் இழுக்கலாம். ஹல்மொனி அந்தப் பக்கம் இருந்திருக்காங்களான்னு கேளுங்க. இருந்திருந்தா அந்தப் படகுக்கு ஒரு பக்கம் கட்டாயம். இந்தக் கதையில பிள்ளைங்க கைக்கு வேலையே இல்ல, எல்லாம் காத்துக்கிட்டே இருக்காங்க. ஒரு கயிறையாவது இழுக்கட்டும்.

சிப்பாய்ங்களுக்கு முகமே வரையாம கறுப்பா விட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் கட்டாய ராணுவ சேவை, காவலுக்கு நிக்கிறதுல நிறைய பேர் இருபது வயசுப் பசங்க, குளிர்ல காது சிவந்து போய் நிக்கிறாங்க. முகம் குடுங்க. அந்தப் பையன் ஜாடை ஒப்பா மாதிரியே இருந்தாலும் தப்பில்ல. கெட்டவன் யாருன்னு கேக்குற பிள்ளைக்கு, பெரியவங்க சண்டை போட்டாங்க, சண்டையை நிறுத்தினாங்க, ஆனா சமாதானம் ஆகவே இல்லைன்னு சொல்லுங்க. அது உண்மைதான், இன்னைக்கு வரைக்கும் அங்க இருக்கிறது போர் நிறுத்தம், சமாதான ஒப்பந்தம் இல்ல. பேச்சு விட்ட சொந்தக்காரங்க இருக்கிற குடும்பத்துல வளர்ற எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

சூசொக் பண்டிகைப் பக்கம் அருமை, அதைத் தொடாதீங்க. சொங்பியோன்னா அரிசி மாவுல எள்ளோ பயறோ வெச்சு மடிச்சு ஆவியில வேக வைக்கிறது, நம்ம கொழுக்கட்டைதான், அவங்க அடியில பைன் இலை போடுவாங்க. ஒரு திருத்தம் மட்டும். அவங்க எல்லாரும் வட்டமா உட்கார்ந்து சாப்பிடுற மாதிரி வரைஞ்சிருக்கீங்க. கோட்டுக்குப் பக்கத்துல இம்ஜின்காக்னு ஒரு இடத்துல, வடக்கப் பார்த்து முன்னோருக்குப் படையல் வெச்சுக் கும்பிடுறதுக்குன்னே ஒரு மேடை இருக்கு, பண்டிகை நாள்ல சொந்த மண்ணுக்குப் போக முடியாதவங்க அங்க போய் விழுந்து கும்பிடுவாங்க. ஹல்மொனி போயிருக்காங்களான்னு கேட்டுட்டு, போயிருந்தா தட்டை அங்க கொண்டு போய் வைங்க.

உங்க பையன் கேட்ட போன் விஷயம். அவன் கேட்டது நல்ல கேள்வி, அது புத்தகத்துக்குள்ளயே வரணும், ஹல்மொனியோட பேத்தி கேக்கட்டும். "அந்தப் பக்கத்துக்கு நம்மள மாதிரி ஜனங்க போன் போட முடியாது கண்ணு, லெட்டரும் போகாது, ஒப்பா எந்த வீட்டுல இருக்கார்னே எனக்குத் தெரியாது." இவ்ளோ போதும். தெரியலைங்கறதுதான் இந்தக் கதையிலயே பெரிய வலி, அதை நாம நிரப்பிடக் கூடாது. 1983-ல தெற்குல டிவியில, கே.பி.எஸ். சேனல்ல, காணாமப் போன சொந்தங்களைத் தேடுற நிகழ்ச்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒன்றரை மணி நேரத்துக்குன்னு ஆரம்பிச்சது 138 நாள் ஓடுச்சு. ஜனங்க நெஞ்சுல அட்டையை மாட்டிக்கிட்டு நின்னாங்க, பேர், ஊர், எங்க பிரிஞ்சோம், உடம்புல என்ன தழும்புன்னு எழுதி. பத்தாயிரத்துக்கும் மேல குடும்பங்க சேர்ந்துச்சு. அவங்க எல்லாம் ஒரே நாட்டுக்குள்ள, சில பேர் ஒரே ஊருக்குள்ளகூட, முப்பது வருஷமா ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வாழ்ந்திருக்காங்க. ஹல்மொனிக்கு அப்போ 39 வயசு, அந்த டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காம இருந்திருக்க மாட்டாங்க. கேளுங்க டீச்சர், அவங்க அட்டையில என்ன எழுதியிருப்பாங்கன்னு கேளுங்க.

மஸ்கட் பயத்துக்குப் புத்தகத்துல இடம் வேணாம், அது உங்க வீட்டுக்குள்ள தீர வேண்டியது. "நம்ம அப்பாவுக்கு அப்படி ஆகாது, நாம அதிர்ஷ்டசாலி"ன்னு சொல்லிக் கதையை மூடிராதீங்க, ஹல்மொனி துரதிர்ஷ்டசாலின்னு அவனே கணக்குப் போட்டு, அவங்களைப் பார்த்தா ஒதுங்கிப் போவான். வித்தியாசத்தைக் கையில காட்டுங்க. அப்பாவோட டிக்கெட்டைக் காட்டுங்க, காலண்டர்ல தேதியைச் சுழிங்க, பாஸ்போர்ட்ல முத்திரை விழுந்த பக்கத்தைத் தொட்டுப் பார்க்க விடுங்க, அப்பாவுக்கு வழி திறந்திருக்கு, ஒப்பாவுக்கு வழியை மூடிட்டாங்கன்னு சொல்லுங்க. ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு அவனையே இந்தக் கதையை அவர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அவன் அழுதது கதை வேணாங்கறதுக்கு அறிகுறி இல்ல, உங்க புத்தகம் வேலை செய்யுதுங்கறதுக்குத்தான். ஒரு வாரம் தாண்டியும் தூக்கம் கெடுதுன்னா மட்டும் ஒரு குழந்தைகள் கவுன்சிலரைப் பாருங்க, நான் புத்தகக்காரி, அதுக்கு மேல சொல்ல எனக்குத் தகுதியில்ல.

கடைசியா ஒண்ணு, இதுதான் முதல்ல செய்ய வேண்டியது. ஹல்மொனி பேர், அண்ணன் பேர், தாத்தா செஞ்ச தொழில், ஊருக்குள்ள எந்தத் தெருன்னு எல்லாம் டம்மியில அப்படியே இருக்கு. அண்ணனோ அவர் பிள்ளைங்களோ அங்க இருந்தா, தெற்குல சொந்தம் இருக்குங்கறது வெளிய தெரிஞ்சு அவங்களுக்குத் தொந்தரவு வரலாம். எல்லாத்தையும் மாத்துங்க, மாத்தினதை மருமகளை வெச்சு வரி வரியா அவங்களுக்குச் சொல்லிக் காட்டுங்க, அவங்க எடுக்கச் சொல்றதை ஏன்னு கேக்காம எடுத்துருங்க. அவங்க இந்தத் தடவை ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிருங்க, அடுத்த வருஷம்னு தள்ளாதீங்க. ஒப்பா முகத்தை இன்னும் சரியா வரையலைன்னு சொன்னீங்கல்ல, பென்சிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, காது எப்படி இருக்கும், முன் பல்லு எப்படி இருக்கும்னு அவங்க சொல்லச் சொல்ல அவங்க பக்கத்துல உட்கார்ந்தே வரைஞ்சு குடுங்க.